ஆலப்புழைக்குத் தேற்றிய உடம்பு

முப்பத்தெட்டு வயதாகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. நான் பார்த்த பெரிய தண்ணீர் முல்லையாற்று வெள்ளம்தான். ஆகவே சைக்கிள் கடைச் சங்கரலிங்கம், "கோடை லீவுக்குக் கோர்ட்டை மூடுறாகல்ல? நாம அஞ்சு பேரு குமுளி, கோட்டயம் வழியா சைக்கிள்லயே ஆலப்புழைக்குப் போய்க் கடலைப் பாத்துட்டு வருவோமா? போக வர ஒரு வாரம்" என்று கேட்டதும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

"ஒரு சோதனை இருக்கு சுருளியாண்டி. பயணத்துக்கு முந்தி ஒரே பகல்ல குமுளி மலை ஏறி இறங்கி வந்துரணும். நடுவுல பஸ்ஸுல ஏறுனா ஆட்டத்துல சேத்தி இல்ல."

அங்கேதான் இடித்தது. என் உடம்பு, உத்தமபாளையத்து வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக உட்கார்ந்து உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தொந்தி நுழையும். விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு நான் நுழைவேன்.

வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு. என் மனைவி சுப்புத்தாயிடம் சொல்ல எழுபது காரணம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூடச் செலவாகவில்லை.

"போயிட்டு வாங்க" என்றாள். "கடலைப் பாக்கணும்னு ஆசை இருக்காதா? ஆனா இந்த உடம்பு தாங்குமா?"

அது என்னுடைய வசனம். மூன்று வருஷத்துக்கு முன் விஷக்காய்ச்சலில் டாக்டரே கையை விரித்தபோது, 'இவுக பிழைச்சு எந்திரிச்சா இவுக கையாலயே உனக்குத் தீச்சட்டி எடுப்பாக ஆத்தா' என்று எங்கள் ஊர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்துவிட்டேன். நெருப்புச் சட்டியை ஏந்தி, சித்திரை வெயிலில், வெறுங்காலோடு ஊரைச் சுற்றுவதென்றால் சும்மாவா? ஒவ்வொரு சித்திரையும், "இந்த உடம்பு தாங்குமா சுப்பு? முழங்கால் பிடிக்குது, இடுப்பு விட்டுப்போகுது" என்று வாய்தா வாங்கிவந்தேன். கோர்ட்டில் பழகிய வாய்.

"தேத்திருவோம்" என்றாள் சுப்புத்தாய். "ஒண்ணரை மாசம் இருக்குல்ல?"

எதிர்க்கட்சி மறுபேச்சில்லாமல் சம்மதித்தால் அதில் வில்லங்கம் இருக்கும். கட்சிக்காரர்களுக்கு நான் தினமும் சொல்லும் புத்திமதி இது. எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்துபோனேன்.

மறுநாள் பொழுது விடியுமுன் எழுப்பிவிட்டாள். மார்க்கையன்கோட்டை வரை சைக்கிள் மிதித்துவிட்டு வந்தால் இடுப்புக்கு உளுந்தங்களி. அதுவரை சரி. உச்சிவெயிலில் ஆற்று மணலில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னாள்.

"சைக்கிள்காரனுக்கு வெறுங்கால் எதுக்குடி?"

"மலை இறங்கயில பிரேக்கு அந்துபோச்சுன்னா? காலைத்தானே ரோட்டுல தேய்ப்பீக? உள்ளங்கால் காய்ச்சிருக்க வேணாமா?"

நியாயம்தான். நடந்தேன். அடுத்து, நிறைகுடத்தைக் கையில் கொடுத்தாள். தோளில் வைக்கக் கூடாது. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவை மூன்று சுற்று வரவேண்டும்.

"இது என்னத்துக்கு?"

"ஹாண்டில் எங்கன இருக்கு?"

"நெஞ்சுக்கு நேரா."

"கை அங்கனயே நின்னு பழகணும்ல?"

குடத்துக்கு அடியில் ஒரு கொத்து வேப்பிலையும் வைத்தாள். "வழுக்காம இருக்க" என்றாள். வழுக்கத்தான் இல்லை. எதிர்வீட்டு அக்கம்மாள் நான் குடத்தோடு வருவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

கறிசோறு நின்றது. "மந்தம்" என்றாள். மெத்தை போனது. "வழியில சத்திரத்துல மெத்தை போட்டா வச்சிருக்காக?" என்றாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் சாயந்திரம் என் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டது அவள்தான். "கடல் தண்ணி உப்புக் கரிக்குமாமே, நிசமா?" என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று எனக்குக் கண் கலங்கும்.

சோதனை நாளும் வந்தது. குமுளி ஏறினேன். பாதித் தூரம் சைக்கிளில் நான் போனேன், மீதித் தூரம் சைக்கிளை நான் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் எங்கள் தெருவுக்குள் மணியடித்துக்கொண்டு நுழைந்தேன். தெருவே கூடி நின்றது. "வெள்ளிக்கிழமை கிளம்புறோம்! சுருளியாண்டி தேறிட்டான்!" என்று சங்கரலிங்கம் கத்தினான்.

சுப்புத்தாய் செம்பில் மோர் கொண்டுவந்தாள். "முழங்கால் வலிக்குதா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"வலியா? எனக்கா?"

"இடுப்பு?"

"இரும்பு!"

"உள்ளங்கால்?"

"நெருப்புல நிப்பாட்டு, நிக்கிறேன்!"

ஆகா, நாக்கே! கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பூசாரியண்ணே, கேட்டீகளா? அவுக வாயாலயே சொல்லிட்டாக. கட்டுங்க."

கூட்டத்துக்குள்ளிருந்து மாரியம்மன் கோயில் பூசாரி ஒச்சாண்டி வெளியே வந்தார். கையில் மஞ்சள் தடவிய காப்புக் கயிறு. ஊரே குலவை போட்டது. என் மணிக்கட்டில் முடிச்சு விழுந்தது.

"சுப்பு, ஆலப்புழை?"

"காப்புக் கட்டுனவுக ராத்திரி ஊரு எல்லைக்கு வெளியில தங்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"திருவிழா முடிய இன்னும் பத்து நாள் இருக்கே!"

"நெருப்புல நிக்கிறேன்னு நான் சொன்னேனா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குள் போய் அவள்மீது பாய்ந்தேன். அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கு உங்க மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவ நான். ஆத்தாகிட்ட வாய்தா வாங்கிட்டே இருந்தா எனக்குப் பயமா இருக்காதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நாலு சைக்கிள் கடலுக்குப் போயின. நான் தெருமுனை வரை நடந்துபோய் வழியனுப்பினேன். திருவிழாவன்று தீச்சட்டி எடுத்தேன். கை நடுங்கவில்லை, கால் சுடவில்லை. உளுந்தங்களி அப்படி. சுப்புத்தாய் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சங்கரலிங்கம் ஆலப்புழையிலிருந்து எனக்காகக் கடல் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். சுப்புத்தாய் விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நிசமாத்தான் கரிக்குது" என்றாள்.

முகம் குளிர்ந்திருந்த நேரம் பார்த்து மெல்ல ஆரம்பித்தேன். "நேர்த்திக்கடன் தீந்துருச்சு. அடுத்த சித்திரைக்குத் திரும்பப் போறாகளாம். நானும் போறேன்."

"அதெப்படி முடியும்?" என்றாள், பாட்டிலை மூடிக்கொண்டே. "அன்னைக்குக் குமுளி மலையில நீங்க உருண்டு விழாம திரும்பி வரணும்னு ஆத்தாகிட்ட இன்னும் மூணு வருசத்துக்குச் சட்டி வேண்டிக்கிட்டேன்ல?"