7919, கூட்டினால் எட்டு

புது ஸ்கூட்டருக்கு 7919 என்ற நம்பரைக் காத்திருந்து, ஆள் பிடித்து வாங்கிய கணக்கு வாத்தியார் அரங்கநாதன், பெரம்பலூரில் அந்த வண்டியோடு தனியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். மனைவி சிந்து உடையார்பாளையத்தில், அம்மா வீட்டில்.

மாமியார் சுந்தராம்பாள் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "கூட்டினா எட்டு வருது மாப்ள, ஆகாது. ஒம்போது வர்ற நம்பரா மாத்துங்க, பொண்ண அனுப்புறேன்."

மாற்றுவதாவது. 7919 ஆயிரமாவது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் வகுபடாது. அரங்கநாதனுக்கு இந்த எண்கள் மேல் அப்படியொரு கிறுக்கு. முன்னால் போகும் லாரியின் நம்பரை ஏழால், பதினொன்றால் வகுத்துப் பார்த்தபடிதான் வண்டி ஓட்டுவான். அப்படிப் போய் ஒருமுறை, ரோட்டில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தில் சிந்துவைக் கவிழ்த்தும் இருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு வருத்தமெல்லாம் அந்த லாரி நம்பர் பதிமூன்றால் வகுபட்டதுதான்.

ஓட்டல் சாம்பார் அலுத்ததும் பஸ் ஏறிப் போய் மாமியாரிடம் பேசினான். இது யாராலும் பிரிக்க முடியாத எண், குடும்பமும் அப்படியே இருக்கும் என்றான்.

"எதுக்கும் வகுபடாதுன்னா யாரு பேச்சையும் கேக்காதுன்னு அர்த்தம்," என்றாள் சுந்தராம்பாள். "வூட்ல அப்படி ஒண்ணு இருக்கறது போதும்."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. கூட்டினால் ஒன்பது வரும் எந்த எண்ணும் ஒன்பதால் வகுபட்டுவிடும், அதனால் எவ்வளவு பெரிய பகா எண்ணுக்கும் கூட்டுத்தொகை ஒன்பது வரவே வராது என்று நிரூபித்துக் காட்டினான். மாமியார் பொறுமையாகக் கேட்டாள். அப்படியானால் அந்தக் கூட்டமே ராசியில்லாதது, வண்டியை விற்றுவிடுங்கள் என்றாள். உள்ளே சிந்து சிரிப்பது கேட்டது.

மாதம் ஒன்று ஓடியது. ஒரு நாள் வண்டியைத் துடைக்கும்போதுதான் நம்பருக்கு முன்னால் இருந்த 46 கண்ணில் பட்டது. அதையும் சேர்த்துக் கூட்டினால் முப்பத்தாறு. மூன்றும் ஆறும் ஒன்பது. ஆனால் சேர்த்துப் படித்தால் 467919 ஆகி, ஒன்பதால் வகுபட்டுத் தொலைத்தது. பகா எண் என்ற கௌரவம் போயிற்று. அரை நாள் மனம் வெதும்பினான். பிறகு சிந்து வைக்கும் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்தது. பகா எண்களுக்கு முடிவே கிடையாது, சிந்து ஒருத்திதான்.

ஸ்கூட்டரிலேயே உடையார்பாளையம் போய்க் கணக்கைச் சொன்னான். மாமியார் நம்பர் பிளேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்க மாப்ள, கூட்டிட்டுப் போங்க," என்று மகளின் பையைக் கொண்டுவந்து வைத்தாள். கணிதம் ஜெயித்துவிட்டது என்று பூரித்துப்போய் அரங்கநாதன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

மச்சினன் ராஜராஜன் சாவியை உருவி அக்காவிடம் கொடுத்தான்.

"கொஞ்சம் பின்னாடி நகருங்க மாமா. அக்காவுக்கு நேத்துதான் லைசென்ஸ் வந்துச்சு. அதுவரைக்கும் உங்கள இழுத்தடிக்கத்தான் அம்மா நம்பரப் புடிச்சுக்கிட்டுச்சு."