ஈறுக்குள் ஒளித்த காப்பி

சாமியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஓட்டை தேடக் கூடாது. காப்புறுதி நிறுவனத்தில் அடுத்தவர் பத்திரங்களில் ஓட்டை தேடியே சம்பளம் வாங்குகிற எனக்கு, இது முப்பத்தெட்டு வயதில், கிள்ளான் நடுத்தெருவில், தலையில் பால்குடத்தோடு நின்றபோதுதான் உறைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் யாழினிக்கு டிங்கிக் காய்ச்சல். அப்போது அவளுக்கு நான்கு வயது. இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன மூன்றாம் நாள், மருத்துவமனை வராந்தாவில் நின்று முருகனிடம் அழுதேன். "பிள்ளை பிழைச்சா பால்குடம் எடுக்கிறேன். நாப்பத்தெட்டு நாள் காப்பி குடிக்க மாட்டேன்." ஒரு நாளைக்கு ஆறு கோப்பை குடிக்கிறவன் சொன்ன வார்த்தை அது. பிள்ளை பிழைத்தாள். "நானும் உங்களோட விட்டுர்றேங்க" என்று என் மனைவி மாலதி காப்பித்தூள் டப்பாவை அன்றே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் எனக்கு மண்டை பிளந்தது. சுபாங் ஜெயா அலுவலகத்தில் மேசைமேல் கவிழ்ந்து கிடந்த என்னிடம், பக்கத்து மேசை பிரகாஷ் (ஜிம்முக்குப் போகிறவன், உலகத்திலுள்ள எல்லாப் பொடியையும் தின்று பார்த்தவன்) ஒரு வட்ட டப்பாவை நீட்டினான். உள்ளே நகம் அளவுக்கு வெள்ளைப் பொட்டலங்கள்.

"காஃபின் பௌச் அண்ணே. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல வைங்க. ஊறி உள்ள போயிரும்."

"குடிக்கணுமா?"

"குடிக்க ஒண்ணும் இல்ல லா!"

நான் வேண்டிக்கொண்டது குடிக்க மாட்டேன் என்றுதானே? ஈறில் வைக்க மாட்டேன் என்று எப்போது சொன்னேன்? (முருகா, இந்த மூளைக்கா நீ இரங்கினாய்!) மாலதிக்குத் தெரியாமல் தினம் ஒன்று வைத்தேன். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. ஊரார் பத்திரத்தில் கமாவைக்கூட விடாத நான், அதைப் படிக்கவில்லை.

பால்குடத்தன்று காலை வெறும் வயிறு, தூக்கமும் இல்லை. தெம்புக்கு இருக்கட்டும் என்று கீழுதட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தேன். பத்து நிமிடமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று மேலுதட்டிலும் ஒன்று.

பாதி வழியில் நெஞ்சுக்குள் உறுமி அடித்தது. வெளியே அடிக்கிற உறுமிதான் என்று நினைத்தேன். வெளியே உறுமி நின்ற பிறகும் உள்ளே நிற்கவில்லை. கை கால் வெடவெடத்தது, வியர்வை கொட்டியது. செத்தோம் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ஐயோ, மாப்பிள்ளைக்குச் சாமி வந்திருச்சு!" என்று கத்தினார் மாலதியின் அத்தை சரோஜா.

அவ்வளவுதான். உறுமிக்காரர்கள் என்னைச் சுற்றி வளைத்து வேகமெடுத்தார்கள். முகத்தில் சாம்பிராணிப் புகை. "வேல் வேல்!" என்று கூட்டம். பால் சிந்துவதற்குள் மாலதி ஓடிவந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தால், "ஹா... ஹா..." என்று காற்றுதான் வந்தது. அத்தை காலில் விழுந்துவிட்டார்! அன்று காலையில்தான் என் தொப்பையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்.

"சாமி, என்னோட சுங்கை வே வீட்டை விக்கலாமா?"

என் தலை தன்பாட்டுக்கு இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

"வேணாங்குது சாமி!"

அந்த நேரம் பார்த்துக் குமட்டியது. ஏந்திய அத்தையின் கையில் ஒரு வெள்ளைப் பொட்டலம் விழுந்தது. அத்தை அதைக் கண்ணில் ஒற்றி, முகர்ந்து பார்த்து, "முருகா, புதினா வாசம் வருதே!" என்று அழுதார். கூட்டமே வாயைப் பிளந்தது.

பிளக்காதவள் மாலதி ஒருத்திதான். ஒரு கையால் குடத்தை அணைத்தபடி, மறு கையால் என் உதட்டை இழுத்துப் பார்த்தாள். கீழே ஒன்று, மேலே ஒன்று. குடத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தாள். நாற்பத்தெட்டு நாளும் உண்மையாகக் காப்பியைத் தொடாதவள் அவள்தானே. என்னைத் தொண்டர்கள் முதலுதவிக் கூடாரத்துக்கு இழுத்துப் போனார்கள்.

"எத்தனை வச்சீங்க அங்கிள்?" என்றார் அந்த இளம் டாக்டர். (அங்கிள்!)

"மூணு."

"வெறும் வயித்துலயா? ஒரு நேரத்துல ஒண்ணுதான்னு டப்பாவுலயே போட்டிருக்கே, படிக்கலையா? என்ன வேலை பாக்குறீங்க?"

கண்ணை மூடிக்கொண்டேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சிட்டுப் படுங்க, இனி தொடாதீங்க" என்றவர், சாதாரணமாகக் கேட்டார்: "மிச்ச டப்பா எங்க? வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா? பாக்க மிட்டாய் மாதிரி இருக்கும், மூணு வேணாம், ஒண்ணே அதுங்களுக்கு ஆபத்து."

டப்பா காரில், கியர் பக்கத்துக் குழியில் இருந்தது. யாழினி தினமும் மிட்டாய் தேடிக் கையை விடுகிற குழி. எந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேனோ, அந்தப் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் அதை வைத்திருக்கிறேன்! அப்போது வந்த நடுக்கத்துக்குக் காஃபின் காரணமில்லை. ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, வெறுங்காலோடு காருக்கு ஓடினேன்.

டப்பா மூடியபடியே இருந்தது. எண்ணிப் பார்த்தேன், நான் எடுத்தது போக ஒன்றும் குறையவில்லை. கார் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அத்தை வீட்டை விற்கவில்லை. இப்போது விலை ஏறிவிட்டது. நடந்ததைச் சொன்னால், "நீ சும்மா இரு, உனக்கு ஞாபகம் இருக்காது" என்கிறார். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மட்டும் ஒரு சோதனை நிரந்தரமாகிவிட்டது. கோயிலுக்குப் புறப்படும்போதெல்லாம் ஆறு வயது யாழினி கைப்பேசி விளக்கோடு வாசலில் நிற்பாள். நான் குனிந்து 'ஈ' காட்ட வேண்டும். மேலுதடு, கீழுதடு, இடம், வலம் எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பிச் சொல்வாள்:

"ஒண்ணும் இல்லம்மா. சாமிய கூட்டிட்டுப் போலாம் லா."