புஸ்வாணம் அண்ணனும் எருமைத் துவக்கும்

வெடிச் சத்தத்துக்குப் பயந்து துப்பாக்கி வாங்கிய மனிதர் உலக வரலாற்றிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆக்லாந்தில், மாசி என்கிற புறநகரில், என் வீட்டுக்காரராக இருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். பெயர் வேண்டாம். புஸ்வாணம் அண்ணன் என்றால் இங்குள்ள தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நான் சொல்லியிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழும் சத்தத்தோடு வளர்ந்தவர். பலருக்கு அந்தச் சத்தம் ஊரோடு போய்விட்டது. இவர் காதில் மட்டும் விசா வாங்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. ஒருநாள் நம்மூர்க் கடைகள் நிறைந்த சான்ட்ரிங்ஹாமில் மளிகை வாங்கிக்கொண்டு நடந்தபோது ஒரு பழைய கார் டுமீலென்று புகை விட்டது. அடுத்த கணம் அண்ணன் முருங்கைக்காய்க் கட்டோடு நடைபாதையில் குப்புறக் கிடந்தார். நான் பதறித் தூக்கப் போனால், "ஒண்டுமில்லைத் தம்பி, சப்பாத்துக் கயிறு கட்டினனான்" என்றார். காலில் ரப்பர் செருப்பு.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் தாரணி, மதுரைப் பையனைக் கட்டிக்கொள்ள முடிவெடுத்தாள். கல்யாணம் மதுரையில். பையனின் பெரியப்பா வீடியோ காலில் வந்து, மாப்பிள்ளை அழைப்பன்று ஊரே அதிர வேட்டுப் போடுவது தங்கள் குடும்ப வழக்கம் என்றும், பெண்ணின் தகப்பனார்தான் முன்னால் நின்று வரவேற்க வேண்டும் என்றும் சொன்னார். "ஓம் ஓம், நல்லாப் போடுங்கோ" என்று சிரித்த அண்ணன், கால் முடிந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

நானும் மதுரைக்காரன். அந்த உரிமையில் யோசனை சொன்னேன்.

"வேட்டு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுதுண்ணே."

"என்னெண்டு சொல்லுறது? பொம்பிளையின்ர தகப்பன் பட்டாசுக்குப் பயம் எண்டோ? அவை என்ன நினைப்பினம்?"

கல்யாணத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தது. அதற்குள் பயத்தைப் பழக்கிவிடுவது என்று முடிவு செய்தார். பழக்குவதற்கு அவர் கண்டுபிடித்த பிராணிதான் துப்பாக்கி. அதுவும் சாதாரணத் துப்பாக்கியில்லை. அந்தக் காலத்தில் காட்டெருமையை வீழ்த்தினார்களே, அந்த வகை. குழாயின் வாய்க்குள் என் கட்டைவிரல் போய்வரும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா.

ஊர் சிரித்தது. அவர் மனைவி சிரிக்கவில்லை. "எல்லாச் சனமும் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தது. இந்த மனுசன் காசு குடுத்து வாங்குது" என்று சாம்பாருக்கு உப்புப் போடாமல் எதிர்ப்பைப் பதிவு செய்தார். அந்தச் சாம்பாரில் பாதி எனக்கும் வரும்.

லைசென்ஸுக்குச் சாட்சி சொல்ல உறவல்லாத ஆள் ஒருவர் வேண்டும். வேறு கதியின்றி என்னைப் போட்டார். விசாரிக்க வந்த பெண்மணி, இவருக்கு எதற்காகத் துப்பாக்கி என்று என்னிடம் கேட்டார். மகள் கல்யாணத்துக்கு என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார். இலக்குச் சுடும் விளையாட்டு என்றேன். பிறகு துப்பாக்கியைப் பூட்டிவைக்க வீட்டுக்குள் ஓர் இரும்புப் பெட்டியைச் சுவரோடு முடுக்கினார்கள். அதில் நகையும் இருப்பதாக ஊர் பேசிக்கொண்டது. அதன்பிறகுதான் கோயிலில் அண்ணனுக்கு முன்வரிசை கிடைத்தது.

ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.

"சின்னத் துவக்கு டிக் எண்டு கேக்கும். உங்கட ஊர் வேட்டு டிக் எண்டோ கேக்கும்?" என்றவர், கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "மற்ற ஆள் வைக்கிற வெடி எப்ப வெடிக்கும் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. அதுதான் கரைச்சல். இதிலை நான்தான் போடுறன், நான்தான் இழுக்கிறன். ஒண்டு வெடிச்சா, நான் அடுத்ததைப் போடுமட்டும் வராது."

அதற்குமேல் நான் கேலி பேசவில்லை. அன்றைக்கு மட்டும்.

நகரத்துக்கு வெளியே ஒரு கிளப்பின் சுடுதளம். அங்கே ப்ரூஸ் என்றொரு வெள்ளைக்காரக் கிழவர் பொறுப்பாளர். முதல்நாள் கடைத் தோட்டா ஒன்றைப் போட்டு யார் சுடுவது என்றபோது, மதுரை வீரத்தை நிலைநாட்ட நான் முன்னால் போனேன். குறி வைத்தது காகித வட்டத்தை. அடித்தது எதை என்று தெரியவில்லை, நான் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் இடக்கையால் பல் விளக்கினேன்.

அண்ணன் விவேகி. கடைத் தோட்டாவைத் தொடவே இல்லை. பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைக் குறைத்துப் போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்துத் தானே தோட்டா செய்யலாம் என்று ப்ரூஸ் சொல்லிக்கொடுத்தார். மருந்து குறைந்தால் உதையும் குறையும், சத்தமும் குறையும். கராஜில் தோசைமாவு கிரைண்டரைத் தள்ளிவைத்துவிட்டு அண்ணன் மேசை போட்டார். தராசில் மருந்தை நிறுத்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்து, பல் டாக்டர் போல உட்கார்ந்திருப்பார். அவ்வளவு பெரிய கூட்டில் மருந்து இரண்டு முறை விழுந்தாலும் வெளியே தெரியாது, தெரியும்போது ஆள் இருக்கமாட்டார் என்பார். பக்கத்தில் நின்று தும்மக்கூட விடமாட்டார்.

இவ்வளவுதான், இதற்குக் கீழே போகாதே என்று தோட்டா செய்யும் புத்தகத்தில் ஓர் அளவு போட்டிருக்கிறது. உறைப்புக் குறைக்கச் சொன்னால் மிளகாயையே மறந்துவிடும் மனிதர்களுக்கு அளவு ஒரு பொருட்டா? அண்ணன் கீழே போனார்.

முதல் வெடிக்கு, காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் குரங்குக் குல்லா, குல்லாவுக்கு மேல் காதுக்கவசம். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தார். 'புஸ்' என்றது. அவ்வளவுதான்.

அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. "பாத்தீரோ? குழந்தைப்பிள்ளை தும்மின மாதிரி!" என்று அடுத்ததை எடுத்தார். அதற்குள் ப்ரூஸ் கத்திக்கொண்டு ஓடி வந்து கையைப் பிடித்தார். குண்டு வெளியே போகவே இல்லை. குழாயின் பாதி வழியில் சிக்கி நின்றது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் கிழிந்து முகத்தில் பூத்திருக்கும். ப்ரூஸ் கம்பியை விட்டுத் தட்டித் தட்டிக் குண்டை வெளியே எடுத்தார். பட்டப்பெயர் அன்றைக்குத்தான் பிறந்தது. நான்தான் வைத்தேன். என்னைவிட வேகமாக அது சான்ட்ரிங்ஹாம் போய்ச் சேர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் அடுத்த சனிக்கிழமையும் போனார். புத்தகத்து அளவுக்கு ஏறினார். பிறகு துளித்துளியாக மேலே. முதலில் குல்லா போனது. மழைக்காலத்தில் பஞ்சு போனது. கண்தான் லேசில் திறக்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் இமை முந்திக்கொண்டது.

தை பிறந்தது. மதுரைக்குப் போனோம். மாப்பிள்ளை அழைப்பன்று மண்டப வாசலில் அண்ணன் பட்டு வேட்டியில், சுடுதளத்தில் நிற்பதுபோலக் காலை அகட்டி, மூச்சைச் சீராக்கி நின்றார். நாதஸ்வரம் நெருங்கியது. மாப்பிள்ளை கார் வந்தது. கதவு திறந்தது. ஒரு சத்தமும் இல்லை.

பையனின் பெரியப்பா வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரத்துக்கு மேலே கேட்கும் குரல் அவருக்கு. "பயப்படாதீங்க சம்பந்தி. உங்க பாப்பா எல்லாம் சொல்லிருச்சு. ஒரு ஊசிப்பட்டாசுகூட வெடிக்காது."

கூட்டம் முழுவதும் திரும்பி, பாவம் என்று பார்த்தது.

"நல்லது" என்றார் அண்ணன்.

அந்த இரண்டு நாளும் அவரைக் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்துக்கொண்டார்கள். மேடையில் கட்டிய பலூன்களை யாரோ அவிழ்த்து எடுத்துப் போனார்கள். பந்தியில் டம்ளர் விழுந்தால் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. மகள் அன்பால் செய்தது. அவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்சதை போடும்போது அவர் கை நடுங்கியது. அதையும் தவறாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

ஆக்லாந்து திரும்பியதும் துப்பாக்கியை விற்கப்போவதாகச் சொன்னார். கராஜில் கிரைண்டர் பழைய இடத்துக்கு வந்தது. சாம்பாரில் உப்பும் வந்தது. வாங்குகிற ஆளிடம் கொடுப்பதற்கு முன் ஒரேயொரு தடவை சுடுதளம் போவோம், வாரும் என்றார்.

ஒரே ஒரு தோட்டா கொண்டுவந்திருந்தார். மருந்து, புத்தகம் அனுமதிக்கும் உச்ச அளவு. ப்ரூஸ் தூரத்தில் வேறு யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தோட்டாவைப் போட்டு, தோளில் அணைத்து, காத்திருந்தார். பிறகு அந்தச் சத்தம். கூரைத் தகரம் அதிர்ந்தது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ முரசு கொட்டியது போலிருந்தது.

புகை கலையும் முன்பே என் பக்கம் திரும்பினார்.

"பாத்தனீரோ தம்பி? கண் சிமிட்டினனானோ?"

"இல்லண்ணே. கல்லு மாதிரி நின்னீங்க. இமைகூட ஆடல."

"மகளிட்ட ஒருக்காச் சொல்லிவிடும். நான் சொன்னா நம்பமாட்டாள்."

சொன்னேன். மகளிடம் சொன்னேன், அவர் மனைவியிடம் சொன்னேன், மதுரைக்கு போன் போட்டுப் பெரியப்பாவிடமும் சொன்னேன். பார்த்த சாட்சி நான் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். அந்த வெடி வெடித்தபோது என் இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவர் காதுக்குப் போய்விடக் கூடாது.