மாகறல் புல்வெளி அறிவிப்பு

“விஷம்னு நீங்களே எழுதி வெச்சிட்டு, அதையே நம்ம மாட்டுக்குப் போடுவீங்களா?”

கணவர் தனசேகரனைக் கேட்டபடி பட்டம்மாள் வாசலை மறித்து நின்றாள். புல் அறுக்கும் காந்தா, தலைமேல் கட்டுடன் தெருவிலேயே நின்றாள்.

தனசேகரன் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையொன்றில் விற்பனையாளர். வீடு மாகறலில். கோயிலுக்குப் போகும் வழியில் சிறியதொரு புல்வெளியும், தொழுவத்தில் ஒரு சினைப்பசுவும் உண்டு. சென்ற ஈற்றில் பிறந்த கன்று எழுந்து நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் மாண்டது. மண்ணில் செலினியம் என்னும் தாதுச்சத்து குறைவு, ஆகவே புல்லிலும் குறைவு, அதனாலேயே கன்றின் தசைகள் வலுவிழந்தன என்றார் கால்நடை மருத்துவர். செலினியம் கலந்த உரத்தைப் புல்லுக்கு இடச் சொன்னவர், அளவு மிகுந்தால் அதுவே நஞ்சு என்றும் எச்சரித்தார்.

தனசேகரன் உரத்தை எடைபோட்டு அளவாக இட்டார். பிறர் அறுத்துச் செல்லாதிருக்க, புடைவைப் பெட்டி அட்டையில் ‘நச்சுப் புல், தொடாதீர்’ என்று எழுதி நட்டுவைத்தார்.

“அளவாப் போட்டா மருந்துமா.”

“அப்போ அதை எழுதுங்க.”

அன்றே எழுதினார்: ‘நஞ்சன்று. கால்கள் வலுப்பெற உதவும் சத்துப் புல்.’

முழங்கால் வலி தீர வேண்டிக் கோயிலுக்கு வருவோர்க்கு அதுவே வழி. திங்கட்கிழமை மாலை அவர் திரும்புகையில், வெளியூர் அம்மையார் எண்மர் வரப்பில் அமர்ந்து, புல்லைத் திரித்து முழங்காலில் கட்டிக்கொண்டிருந்தனர்.

“இன்னாமா பண்றீங்க? இது மாட்டுக்குமா!”

“நீ சும்மா இருப்பா. கட்டுன உடனே குளுகுளுன்னு இருக்குது,” என்றார் ஒருவர். “இன்னொரு பிடி குடு. எங்க வூட்டுக்காரருக்கும் ரெண்டு காலு இருக்குது.”

மூன்றாவது அறிவிப்பு எழுந்தது: ‘மனிதர்க்கு அன்று. சினைப்பசுக்களுக்கு மட்டும்.’

மறுநாள் காலையில் ஊரில் சினைப்பசு வைத்திருந்தோர் அனைவரும் அரிவாளுடன் வந்துவிட்டனர்.

“எழுதிக் கூப்ட்டதும் நீதான், இப்போ மறிக்கிறதும் நீதானா? நல்லா இருக்குதுபா நியாயம்,” என்று எதிர்வீட்டுக் கைலாசம் மனம் நொந்தார்.

தனசேகரன் அட்டையைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். அதன்பின் அந்தப் பக்கம் போக அவருக்கு மனம் வரவில்லை. ஆயினும் காந்தா நாள்தோறும் ஒரு கட்டுக் கொண்டுவந்தாள். எஞ்சியதைத் தேடித்தேடி அறுக்கிறாள் போலும் என்று எண்ணிக்கொண்டார். இந்தக் கன்றும் நிற்காமற்போனால் பட்டம்மாளின் முகத்தில் எங்ஙனம் விழிப்பது என்னும் அச்சம் மட்டும் அகலவில்லை.

ஆறாம் வாரம் பசு ஈன்றது. கன்று எழ முயன்று, முன்கால் மடங்கி விழுந்தது. மீண்டும் விழுந்தது. பட்டம்மாள் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் முறை நான்கு கால்களும் நடுநடுங்க எழுந்து நின்றது. பின் மடியைத் தேடி நடந்தது.

தனசேகரன் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியா காந்தா? அத்தினி பேரு அள்ளிக்கினு போயும், மிச்சம் இருந்த நம்ம புல்லு காப்பாத்திடுச்சு!”

காந்தா தயங்கினாள்.

“நம்ம கொல்லையில ஏதுண்ணா புல்லு? அது அன்னிக்கே மொட்டையாயிடுச்சு. பக்கத்துக் கொல்லை முருகேசன் அண்ணன்கிட்ட கேட்டு, அவரு புல்லைத்தான் தினமும் அறுத்தாந்தேன். அவரும் அதே டாக்டரைக் கேட்டு அதே உரத்தைத்தான் போட்டுக்கினு இருக்காரு. போர்டுதான் வைக்கல.”