தரையிறங்காத கடிகாரம்

சிதம்பரம் தெற்கு வீதி சிவகுரு சட்டத்துக்கு அடங்கிய குடிமகன். வாரிசுச் சான்று மனுக்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அரசு ஊழியர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், பழைய போர் விமானங்களில் விமானிக்கு எதிரே பொருத்தியிருந்த கடிகாரங்களைச் சேகரிப்பது. ஆறு வைத்திருந்தார். ஆறும் பிசகாமல் ஓடின.

"ஆறு கடிகாரம் இருந்தும் ஒரு நாளாவது நேரத்துக்கு ஆபீசு போயிருக்கீங்களா?" என்று மனைவி லலிதாம்பிகை கேட்பார். அது வேறு துறை சார்ந்த கேள்வி என்பதால் சிவகுரு பதில் சொல்வதில்லை.

ஏழாவது, ஒரு பழைய மிக் விமானத்தின் கடிகாரம். பல வருடம் தேடி, வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து வரவழைத்தது. வியாபாரி நேர்மையானவர், பார்சலின் மேல் 'போர் விமானப் பாகம்' என்று எழுதிவிட்டார். அதனால் பார்சல் வரவில்லை. கடலூர் வான்கலன் உதிரிப்பொருள் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து கடிதம்தான் வந்தது: 'பார்வையில் காணும் பொருள் தொடர்பாக, தாங்கள் மேற்படி விமானத்தின் மீதிப் பாகங்களுடன் வரும் திங்களன்று நேரில் ஆஜராகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

சிவகுரு தன் அலுவலக நாற்காலியில் துண்டைப் போட்டு, பதிவேட்டில் 'கேம்ப், கடலூர்' என்று எழுதிவிட்டு, மீதிப் பாகங்கள் இல்லாமல் பஸ் ஏறினார்.

கண்காணிப்பாளர் மணவாளன் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் குமிழ் எதுக்கு?"

"அத அமுத்தாதீங்க சார்."

அமுத்திவிட்டார். முகப்பில் இருந்த சிறு ஜன்னலில் சிவப்பு விழுந்தது.

"என்னா ஆச்சு?"

"கெளம்பி எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கணக்கு காட்டும் சார். சிவப்பு விழுந்தா விமானம் பறக்குதுன்னு அர்த்தம்."

மணவாளன் முகம் வெளுத்தது. "யாரக் கேட்டு கெளம்புச்சு?"

"இன்னொரு தடவ அமுத்துனா நின்னுடும்."

"நின்னுடுமா? நடுவானத்துலயா? உங்களுக்கென்ன, சிதம்பரம் போயிடுவீங்க. விபத்து ரிப்போர்ட்ட நான் இல்ல எழுதணும்."

உதவியாளர் கலைமணி கோப்பில் பதிந்தார்: 'காலை 11.10 மணிக்குப் பொருள் புறப்பட்டது. தரையிறங்க அனுமதி கோரி மேலிடத்துக்கு எழுதப்படுகிறது. அதுவரை உரியவரிடம் ஒப்படைக்க வழியில்லை.' விமானியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவர் பேனா நின்றது. "கெளப்புனது யாரு சார்?"

மணவாளன் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் தெளிந்தது.

"நான்தான்" என்றார்.

அடுத்த திங்களன்று மணவாளனின் நாற்காலியிலும் துண்டுதான் இருந்தது.

"சார் எங்க மேடம்?" என்று சிவகுரு கலைமணியிடம் கேட்டார்.

"பறந்துட்டிருக்காரு."

"இப்பதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெண்டக்கா பொறுக்கிட்டிருந்தாரு. நானே பார்த்தேன்."

"அது நீங்க பார்த்தது சார். ரெஜிஸ்டர்ல பறக்குறாரு."

மூன்றாவது திங்களன்று கலைமணியும் இல்லை. விமானம் அத்தனை மணி நேரம் ஒருவரையே நம்பிப் பறப்பது விதிகளுக்கு முரண் என்பதால், அவர் துணை விமானியாக நியமிக்கப்பட்டிருந்தார். தட்டச்சர் இளவரசி பணிப்பெண். தரையில் மிஞ்சியவர் அலுவலக உதவியாளர் பக்கிரி ஒருவர்தான். விமானம் விழுந்துவிடாதபடி தினமும் காலை பதினோரு மணிக்குச் சாவி கொடுப்பது அவர் பொறுப்பு.

நல்ல நிர்வாக முறைகள் சீக்கிரம் பரவும். "உங்ககிட்ட இன்னும் ஆறு இருக்காமே சார்?" என்று மாவட்டம் முழுவதுமிருந்து சிவகுருவுக்குப் போன் வரத் தொடங்கியது. ஓர் அலுவலகத்தில் பிரிவுக்கு ஒன்று கேட்டார்கள்.

நான்காவது திங்களன்று சிவகுருவின் குரல் உடைந்துவிட்டது. "எத்தன வருசம் தேடுனது, பக்கிரி. ஒரு தடவ கையில வச்சுப் பார்க்கக்கூட குடுத்து வைக்கல."

"பறக்குற வண்டியில இருக்குற சாமான வெளிய நிக்குறவருக்கு எப்படி சார் குடுப்பேன்? பயணின்னு ஒரு கையெழுத்து போட்டு ஏறிடுங்க. தெனம் பக்கத்துலயே ஒக்காரலாம். பணி நிமித்தம்னு உங்க ஆபீசுக்கு நாங்களே கடுதாசி போட்டுடறோம்."

சட்டத்துக்கு அடங்கிய குடிமகன் கையெழுத்திட்டார். பக்கிரி கடிகாரத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். சிவகுருவின் கண் கலங்கியது.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். "புவனகிரி கொளஞ்சியம்மாள்ங்க. சிதம்பரத்துல சிவகுருன்னு ஒரு சாரு, இங்க கேம்ப்பு வந்திருக்காருன்னாங்க. வூட்டுக்காரரு போயி ஆறு மாசம் ஆவுது. வாரிசு சான்றுக்கு அவரு ஒரு கையெழுத்து போடணும். நானும் மூணு திங்கக்கெழமையா போறேன், சீட்டுல துண்டுதான் இருக்கு. கரண்டு கனெக்சனகூட எம்பேருக்கு மாத்த முடியல."

சிவகுரு வாயைத் திறந்தார். கையிலிருந்த கடிகாரத்தின் சிவப்பைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"அவரு பறந்துட்டிருக்காரும்மா" என்றார் பக்கிரி.

"எப்பங்க எறங்குவாரு?"

"சாவி தீந்தா தானா எறங்கிடுவாரு."

"அப்ப நான் இங்கியே ஒக்காந்துக்கறேன்" என்று கொளஞ்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மணி பதினொன்று. பக்கிரி கடிகாரத்துக்குக் கை நீட்டினார். சிவகுரு தரவில்லை. தானே சாவி கொடுத்தார்.