ஒரே படத்தில் இரண்டு மச்சான்

எனக்கு நடந்தது உண்மையான கல்யாணம். சாத்தூரில் மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டி, சாம்பார் பற்றாமல் போய் இரண்டாம் பந்தியில் சின்னதாக ஒரு சண்டையும் நடந்த கல்யாணம். அப்படிப்பட்ட கல்யாணத்தைப் பார்த்து ஓர் அரசாங்கமே "இது நிஜமா?" என்று கேட்கும்படி செய்வதற்குத் தனித்திறமை வேண்டும். அந்தத் திறமை என்னிடம் இருந்தது. பன்னிரண்டு வருட அனுபவமும் இருந்தது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைனர். எங்கள் தொழிலில் உள்ளதை உள்ளபடி அச்சடித்தால் ஆர்டர் கொடுத்த பார்ட்டி சண்டைக்கு வந்துவிடுவார். ஜவுளிக்கடைக்காரர் நரைத்த மீசையோடு போட்டோ அனுப்புவார். காலண்டரில் கறுத்த மீசையோடு வர வேண்டும். அவர் கடை வாசலில் நிற்கும் மின்கம்பத்தை எடுக்க வேண்டும், பக்கத்துக் கடை போர்டை மறைக்க வேண்டும், மேலே கொஞ்சம் மேகம் போட வேண்டும். (ஒரே மேகத்தை ஒன்பது கடைகளுக்குப் போட்டிருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் துணிச்சல்தான் பின்னால் என்னைக் கெடுத்தது.)

என் மனைவி மாரீஸ்வரி கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பே அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி வாங்கியவள். வைகாசியில் கல்யாணம் முடிந்ததும் மூன்றே வாரத்தில் டூட்டிக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த வருடம் மார்ச்சில், காலண்டர் சீசன் எல்லாம் ஓய்ந்த பிறகு, விசிட்டர் விசாவில் அவளைப் பார்க்கப் போனேன். ஆறு மாதம் தங்கலாம் என்று முத்திரை குத்தினார்கள். மே மாதம் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. ஜனவரியில் குழந்தை பிறக்கும் என்றார் டாக்டர்.

இனி நான் நிரந்தரமாக அங்கே வருவதற்கு விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவளோடு அங்கேயே இருந்துகொண்டு உள்ளிருந்து போடுவது. முடிவு வரும் வரை நாட்டை விட்டு நகராமல் இருக்க வேண்டும். நடுவில் கிளம்பிப்போய், திரும்ப விடவில்லையென்றால் விண்ணப்பமும் போயிற்று. இன்னொன்று, வெளியிலிருந்து வருகிறவனாகப் போடுவது. இதில் ஊருக்குப் போகலாம், வரலாம். நேர்காணல் வைத்தால் டெல்லியில் வைப்பார்கள்.

புத்தியுள்ளவன் மனைவியின் வயிற்றைப் பார்த்து முடிவு செய்திருப்பான். நான் அட்டவணை போட்டேன். அவள் டூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய லேப்டாப்பில் "உள்ளே", "வெளியே" என்று இரண்டு பத்தி பிரித்து, தலைப்புக்கு மெரூன் கலர் கொடுத்து, ஓரத்தில் பூ வேலைப்பாடும் வைத்தேன். "உள்ளே" என்பதற்குக் கீழே, பாதகம் என்ற இடத்தில், "சீசனுக்கு ஊருக்குப் போக முடியாது" என்று தடித்த எழுத்தில் போட்டேன். "வெளியே" என்பதற்குக் கீழே, "மாரீஸ்வரி தனியாக இருப்பாள்" என்பதையும் போட்டேன்தான். இடம் பற்றாததால் எழுத்தைச் சிறிதாக்கியிருந்தேன்.

அவள் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள்.

"உள்ள இருந்தே போட்ருவோங்க. நீங்க இங்கனயே இருங்க. எனக்கு அம்புட்டுதான்" என்றாள்.

"சீசனை முடிச்சுட்டு டிசம்பர்ல வந்துர்றேன். குழந்தை ஜனவரியிலதானே" என்றேன்.

அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே கோபம் வருகிற இடம் அதுதான்.

உண்மையான காரணம் சீசன்கூட இல்லை. அச்சக முதலாளி அண்ணாச்சி போனில் பேசிய ஒரு வாக்கியம். "ஏலே காளி, ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளிய வரணும்லே. ஒன்னைய விட்டா யாரு இருக்கா?" ஒவ்வொரு வருடமும் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டு ஆடிப் பதினெட்டில்தான் வெளியே விடுவோம். அதைப் பார்த்துத்தான் ஊர் ஊராக ஆர்டர் வரும். என்னை விட்டால் ஆள் இல்லையாம். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. கனடாவில் யாரும் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. (மாரீஸ்வரி சொன்னாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

ஆக, வெளிவழி என்று முடிவானது. விண்ணப்பத்தோடு, இது மெய்யான கல்யாணம் என்று காட்டுவதற்குப் படங்கள் வைக்க வேண்டும். "இருக்கிற படத்தை அப்பிடியே போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் டூட்டிக்குப் போனாள். நான் படங்களைத் திறந்து பார்த்தேன். கை அரித்தது.

தாலி கட்டும் படத்தில் வீடியோக்காரரின் முழங்கை என் முகத்தை மறைத்திருந்தது. முதல் நாள் மாலை வரவேற்பில் எடுத்த படத்திலிருந்து என் முகத்தை வெட்டி அங்கே ஒட்டினேன். மாமனார் ஒரு படத்தில் கண்ணை மூடியிருந்தார், திறந்துவிட்டேன். குடும்பப் படத்தில் எல்லோரும் இருந்தார்கள், மாரீஸ்வரியின் அண்ணன் சுந்தரபாண்டி மச்சானை மட்டும் காணவில்லை. அவர் சாத்தூரில் தீப்பெட்டி லோடு வண்டி ஓட்டுகிறவர். கல்யாண வேலை முழுவதையும் தலையில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியவர். அவர் இல்லாத குடும்பப் படமா என்று மனசு கேட்கவில்லை. வேறொரு படத்திலிருந்து அவரை எடுத்து, மாமியாருக்குப் பக்கத்தில், சிரித்த முகமாக நிறுத்தினேன். நிழல்கூட விழவைத்தேன். அவ்வளவு நேர்த்தி.

ஆனி மாதம் ஊருக்கு வந்து இறங்கினேன். நேராக அச்சகத்துக்குப் போனேன்.

"வந்துட்டியா" என்றார் அண்ணாச்சி. "நீ வரமாட்டியோன்னு நெனச்சு வேற ஒரு டிசைனரை வச்சு முக்காவாசி முடிச்சாச்சு. நல்லாத்தான் பண்ணிருக்காரு. நீ ராசிபலன் பக்கத்தைப் பாத்துக்க."

கனடாவிலிருந்து பதினைந்து மணி நேரம் பறந்து வந்து, பன்னிரண்டு ராசிகளுக்கும் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் இரண்டு சங்கதிகள் நடந்தன. முதலாவது, என் பாஸ்போர்ட் முடிந்தது. அதோடு விசாவும் முடிந்தது. (ஊருக்கெல்லாம் தேதி அச்சடித்துக் கொடுக்கிறவன் தன் பாஸ்போர்ட்டில் இருந்த தேதியைப் பார்க்கவில்லை.) இரண்டாவது, குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்பதாம் படத்தில் மணமகன் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார், அதே நேரத்தில் எடுத்த பத்தாம் படத்தில் கண்ணாடி இல்லை. பதினான்காம் படத்தில் ஒரே ஆள் இரண்டு இடங்களில் நிற்கிறார். இந்தத் திருமணம் நடந்ததா என்று சந்தேகம் எழுந்துள்ளது, விளக்கம் தரவும்.

பதினான்காம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசையில், நான் நிறுத்திய இடத்தில், மச்சான் சிரித்துக்கொண்டு நின்றார். பின்னால், பந்தி நடக்கும் கூடத்தின் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள்ளே அதே மச்சான், அதே சட்டையோடு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குடும்பப் படம் எடுத்தபோது அவர் ஏன் இல்லை என்பதற்கான பதில் அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, எங்கோ இருந்த அதிகாரி பார்த்துவிட்டார்.

விஷயம் தெரிந்து மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, நான் மேடையில நின்னேனா, வாளி தூக்குனேனா? கவுர்மெண்டு கேட்டா நான் எதைச் சொல்லணும்? நீங்களே சொல்லிருங்க, அதையே சொல்லிர்றேன்."

"வாளிதான் மச்சான்."

"அப்ப மேடையில நிக்கிறது?"

"அது நான் போட்டது."

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கீக" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாரீஸ்வரிக்கு போன் செய்தேன். அவளுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கியிருந்தது.

"எதுக்குங்க அந்தப் படத்தைத் தொட்டீக?" என்று கேட்டாள்.

"மச்சான் இல்லாம குடும்பப் படம் நல்லா இல்லன்னு..."

"நீங்க இல்லாம இங்கன நல்லாவா இருக்கு?"

போனை வைத்ததும் கல்யாணப் போட்டோகிராபரைத் தேடிப் போனேன்.

திருத்தாத அசல் படங்களையும் போட்டோகிராபரின் கடிதத்தையும் வைத்து விளக்கம் அனுப்பினேன். குழந்தை பிறக்கும்போதாவது போய் வரலாம் என்று புது பாஸ்போர்ட்டோடு விசிட்டர் விசா கேட்டேன். சந்தேகம் தீராததால் மறுத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணத்தில் எது ஒட்டியது, எது ஒட்டாதது என்று தெரியாதபடி செய்த ஓர் ஆளை யார் உள்ளே விடுவார்கள்?

ஜனவரியில் ஒரு காலைப் பொழுதில் மகள் பிறந்தாள். சீசன் முடிந்து, காலண்டரெல்லாம் போய்ச் சேர்ந்து, அவரவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் எனக்கு வேலையே இல்லை. அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். போனில் படம் வந்தது. கட்டிலில் மாரீஸ்வரி, நெஞ்சில் துணிச்சுருளாகக் குழந்தை. கூட வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் எடுத்த படம். வெளிச்சம் போதாது, ஓரத்தில் எடுத்தவரின் விரல் விழுந்திருந்தது. மாரீஸ்வரியின் முகம் அழுது வீங்கியிருந்தது. அழும்போது யாருடைய கையைப் பிடித்திருந்தாள் என்று நான் இன்று வரை கேட்டதில்லை. வேலை இருந்து போகாமல் இருந்திருந்தாலாவது மனசுக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

மே மாதம் டெல்லியில் நேர்காணல். அதிகாரி ஒரு பெண். பக்கத்தில் தமிழில் சொல்வதற்கு ஒருவர். அதிகாரி பதினான்காம் படத்தை மேசையில் வைத்து, "இவர் யார்?" என்று கேட்டார்.

"மனைவியோட அண்ணன்."

"இவர்?"

"அவரும் மனைவியோட அண்ணன்தான். அதே அண்ணன்."

மொழிபெயர்ப்பாளர் எதற்கும் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் என் தொழிலை விளக்கினேன். ஜவுளிக்கடைக்காரர் மீசை, மின்கம்பம், ஒன்பது கடை மேகம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. பிறகு, நான் சேர்த்து அனுப்பியிருந்த ஆஸ்பத்திரிப் படத்தை எடுத்தார்.

"இதில் நீங்கள் இல்லையே."

"சிவகாசியில இருந்தேன்."

"இதைத் திருத்தவில்லையா?"

"இல்லைங்க."

விரல் விழுந்த அந்த ஓரத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் மாரீஸ்வரியைப் பற்றித்தான். என்ன ஷிப்ட், எத்தனை மணிக்குச் சாப்பிடுவாள், கால் வீக்கம் குறைந்ததா என்று. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பதினோரு மாதமாக போனில் கேட்டது வேறென்ன?

அனுமதி கிடைத்து ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தேன். மகள் மதிக்கு ஏழு மாதம். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நான் பேசியதும் குரல் தெரிந்து, சட்டென்று திரும்பி அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். அப்பா அதற்குள்ளே இருப்பவர் என்றுதான் அவளுக்குப் பழக்கம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, பெட்டியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் முறையாக அறிமுகம் செய்துவைப்பாள். "முதல்ல அம்மா வந்தாங்க. அப்புறம் நான் வந்தேன். அதுக்கப்புறந்தான் அப்பா வந்தாரு. அப்பா எனக்கு ஜூனியர்." எங்கள் வீட்டில் எல்லாம் அந்த வரிசைப்படிதான். முதல் தோசை அம்மாவுக்கு, அடுத்தது அவளுக்கு, கடைசித் தோசை எனக்கு. சாத்தூரிலிருந்து மச்சான் போன் செய்தால், "ஜூனியர் இருக்காரா?" என்றுதான் கேட்கிறார். அண்ணாச்சிக்கும் தெரிந்துவிட்டது.

இத்தனை பேர் சொல்கிற அந்தக் கேலியை மாரீஸ்வரி மட்டும் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லிச் சிரிக்கும்போது அவள் எழுந்துபோய் அடுப்பில் தோசையைத் திருப்பிப் போடுவாள். அவளும் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் குறையும். கேட்டு வாங்கிக்கொள்கிற விஷயம் இல்லை அது, காத்துக்கொண்டிருக்கிறேன்.