ஏழு மணி விருந்தில் ஒரு பொறுமைப் பாடம்

பொறுமை போதிப்பவர்களில் பல வகை உண்டு. நான் சொல்லப்போவது ஒரே ஒரு வகை: பசியில் அழும் பிள்ளைக்குச் சோற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊட்டுகிற தகப்பன். பினாங்கில் எந்தச் சீனக் கல்யாண விருந்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், மேசைக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார்.

அழைப்பிதழில் ஏழு மணி என்றுதான் அச்சடித்திருப்பார்கள். அதை நம்பி வருவீர்களா? மாப்பிள்ளையின் பெரியப்பா வர வேண்டும், வந்தவருக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்க வேண்டும், மணமக்கள் தொட்டிலில் கிடந்த காலம் தொட்டு எடுத்த படமெல்லாம் திரையில் ஓடி முடிய வேண்டும், அதற்குள் பெரியப்பா கழிவறைக்குப் போய்விட்டால் அவர் திரும்பி வர வேண்டும். முதல் தட்டு வெளியே வரும்போது மணி ஒன்பது. ஊருக்கே தெரிந்த விஷயம்.

அன்று எங்கள் மேசையில் என்னோடு வேலை பார்க்கும் கெங் சூன், அவர் மனைவி லே ஹூன், ஐந்து வயது மகள் ஷின் யீ. "விருந்துல நல்லா சாப்பிடணும், வயித்துல இடம் வச்சுக்கோ" என்று சாயங்கால பிஸ்கட்டைக்கூடத் தகப்பன் தடுத்துவிட்டாராம். ஏழே முக்காலுக்கு அந்தப் பெண் மேசைக்கடியில் போய்ப் படுத்தாள். எட்டு மணிக்குக் கைத்துண்டை வீசினாள். எட்டேகாலுக்கு, நாற்காலி ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

மேசையில் இருந்த வறுத்த கடலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஐயையோ, வேணாம்! அழுததும் தின்னக் கொடுத்தா அப்புறம் எல்லாத்துக்கும் அழுவா" என்று தட்டைத் திருப்பித் தள்ளினார் கெங் சூன். பிறகு முழந்தாளிட்டு உட்கார்ந்தார். பிள்ளை வளர்ப்புப் புத்தகம் படித்த முகம்.

"செல்லம், உள்ளே ஒரு மேகம் வந்திருக்கு, இல்ல? அது என்ன கலர்?"

"பசிக்குது."

"கலர் சொல்லு கண்ணு. அந்த உணர்ச்சிக்கு ஒரு பேரு வைப்போம்."

"அதுக்குப் பேரே பசிதான்ப்பா!"

மூச்சை இழுத்து நாலு எண்ணச் சொன்னார். பூவை முகர்வது போல் ஒருமுறை, மெழுகுவர்த்தி அணைப்பது போல் ஒருமுறை. "பாருங்க, நானும்தான் காத்திருக்கேன். கத்துறேனா?" என்று மேசை முழுவதையும் பார்த்துக் கேட்டார். என்ன நிதானம்! என்ன சாந்தம்! கடைசி மருந்தாக அவளை வாரி அணைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அழுகை சட்டென்று நின்றது. ஷின் யீ அவர் காலரை மோந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா மேல இறால் மீ வாசனை வருது."

லே ஹூன் குனிந்தாள். வெள்ளைக் காலருக்குள் அந்த நூடுல்ஸின் சிவப்புக் குழம்புப் பொட்டு ஒன்று.

"சாயங்காலம் கார் கழுவத்தானே போனீங்க?"

"அது... எப்படியும் லேட்டாகும்னு... ஒரு கிண்ணம்தான்..."

"ஒரு கிண்ணம்! புள்ளைக்கு ஒரு பிஸ்கட் ஆகாது, உங்களுக்குக் கிண்ணமா? வெக்கமா இல்ல?"

கெங் சூனின் காது சிவந்தது. ஷின் யீ அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, அக்கறையோடு கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு இப்ப என்ன கலர் மேகம்?"

லே ஹூன் கடலைத் தட்டை முழுசாக மகள் மடியில் கவிழ்த்தாள். பத்து நிமிடம். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு நாற்காலியின் சிவப்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது: அவர் ஒருமுறை தள்ளியதும் நானும் அந்தத் தட்டை விட்டுவிட்டேனே, கால் மணி நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேனே, அவ்வளவு பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது? கிளம்பும் முன் சாப்பிட்ட இரண்டு ரொட்டி சானாயிலிருந்துதான்.

நீங்களும் அலுத்துக்கொள்ளாமல் கடைசிவரை படித்துவிட்டீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், சாப்பிட்டாயிற்றுதானே? அப்படியானால் எழுந்து போய்ப் பாருங்கள், பக்கத்து அறையில் யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது.